முள் பொய் சொல்லுமா?

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஹாரன் அடிக்கவில்லை என்றால் அன்று சாயங்காலமே மெக்கானிக்கைத் தேடி ஓடுவார்கள். ஏ.ஸி. கொஞ்சம் சூடாக வந்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற நாலு முள்ளில் இரண்டு முள் படுத்துவிட்டால் மட்டும், "அது அப்படித்தான் ஸார், பழகிடுச்சு" என்பார்கள். பெட்ரோல் முள் என்றால் இன்னும் மோசம். அது 'ஈ'யில் கிடந்தாலும் கவலையில்லை. கிலோமீட்டர் கணக்கு, டேங்க்கைத் தட்டிப் பார்ப்பது, உள்ளுணர்வு, ஆஞ்சநேயர் என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த முள், விளக்கு, கிலோமீட்டர் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்த சமாசாரத்துக்கு ஒர்க்ஷாப்பில் 'மீட்டர் போர்டு' என்று பெயர். கம்பெனி ஷோரூமில் 'இன்ஸ்ட்ருமென்ட் க்ளஸ்டர்'. பெயர் நீளமாக இருப்பதால் விலையும் நீளம். அங்கே யாரும் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். "ரிப்பேர் பண்ண முடியாது ஸார், யூனிட்டாத்தான் மாத்தணும்" என்று கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் வருத்தத்துடன் சொல்வார். அந்த வருத்தத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு.

இதில் முக்கால்வாசி கேஸ்களில் மீட்டர் போர்டு ஒரு தப்பும் செய்திருக்காது என்பதுதான் வேடிக்கை. அது வெறும் தபால்காரர். கடிதத்தில் கெட்ட செய்தி இருந்தால் தபால்காரரை மாற்றி என்ன பிரயோஜனம்?

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் இருக்கிறார். மகள் வீட்டுக்குப் போகும் வழியில் டெம்பரேச்சர் முள் திடீரென்று 'ஹெச்'சுக்கு ஏறியிருக்கிறது. அவர் பயந்து ஓரம் கட்டுவதற்குள் அதுவே கீழே இறங்கி 'ஸி'யில் உட்கார்ந்துவிட்டது. ரோட்டோர ஷெட் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் லூஸு ஸார். ஏறுது, இறங்குது பாருங்க. நீங்க போங்க" என்று ஆசீர்வதித்து அனுப்பினான். திண்டிவனம் தாண்டியதும் இன்ஜின் தானாகவே நின்றது. ஹெட் காஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட் வளைந்து, கிரேனில் திரும்பி வந்தார்.

நடந்தது என்னவென்றால், ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்க ஒழுகியிருக்கிறது. சூட்டை அளக்கிற சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் போனதும் அது அந்தரத்தில் தொங்கி, 'எல்லாம் ஜில்லென்று இருக்கிறது' என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. ஏறிய முள் சட்டென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். இன்ஜினை நிறுத்துங்கள். ஆறிய பிறகு (ஆறிய பிறகு! சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்) தண்ணீரைப் பாருங்கள். அப்புறம் மீட்டரைத் திட்டலாம்.

சிவப்பு ஆயில் விளக்குக்கும் இதே சட்டம்தான். ஓடும்போது எரிந்தால் முதலில் இன்ஜின் ஆஃப். டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தால்கூட, அந்த ஆயில் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பிரஷர் கேஜை மாட்டி அளந்து பார்த்த பிறகுதான் 'ஸ்விட்ச் போச்சு' என்று சொல்ல வேண்டும். ஸ்விட்ச் சில நூறு ரூபாய். இன்ஜின் அப்படியில்லை.

சரி, முள் நிஜமாகவே பொய் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

எத்தனை முள் என்று எண்ணுவதிலிருந்து. எல்லா முள்ளும் எல்லா விளக்கும் மொத்தமாகப் படுத்துவிட்டால் ஃப்யூஸ், பின்னால் செருகியிருக்கும் கனெக்டர், அல்லது எர்த். ஒரே ஒரு முள் மட்டும் மக்கர் என்றால் பெரும்பாலும் அதற்குச் செய்தி அனுப்புகிற சென்சார் அல்லது நடுவில் உள்ள ஒயர். பழைய கார்களில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஜோடியாகத் தப்பு செய்தால் அது மூன்றாவது ஜாதி.

அந்த ஜோடிக் கூத்து சுவாரஸ்யமானது. பழைய மீட்டர்களில் முள்ளை நகர்த்துவது இரட்டை உலோகப் பட்டை. அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கரண்ட் போனால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். சாவி போட்டதும் பெட்ரோல் முள் மாமனார் மாதிரி மெதுவாக எழுந்து வருவது இதனால்தான். ஆனால் பாட்டரி வோல்டேஜ் ஒரு நிலையில் நிற்காது. வண்டி நிற்கும்போது 12.6, ஓடும்போது 14 சொச்சம். அது ஏறினால் பெட்ரோலும் ஏறியதாகக் காட்டும். ஆகவே வழியில் ஒரு சின்ன ஸ்டெபிலைஸர் வைத்தார்கள். அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர்களுக்கு இது சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதற்குள்ளும் ஒரு இரட்டைப் பட்டைதான். சூடானால் கரண்டைத் துண்டிக்கும், ஆறினால் சேர்க்கும். இதற்கு எர்த் கிடைக்காவிட்டால் துண்டிக்கவே துண்டிக்காது. பாட்டரி வோல்டேஜ் அப்படியே பாய்ந்து, இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போகும். துண்டித்த இடத்திலேயே ஒட்டாமல் நின்றுவிட்டால் இரண்டும் சேர்ந்து படுக்கும். இந்த விஷயம் தெரியாமல் டேங்க் ஃப்ளோட்டையும் டெம்பரேச்சர் சென்சாரையும் ஒரே நாளில் மாற்றியவர்கள் உண்டு. இரண்டும் ஒரே நாளில் சாக அவை என்ன காவிய நாயகன் நாயகியா?

எர்த் என்றதும் எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்ஷன் நண்பர் ஞாபகம் வருகிறது. செகண்ட் ஹாண்டில் ஒரு கார் வாங்கினார். அதில் ஒரு அதிசயம். ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் ஏறும். கால் டேங்க் அரை டேங்க் ஆகும். ஓபெக் நாடுகளுக்குத் தெரிந்திருந்தால் அவசர மாநாடு கூட்டியிருப்பார்கள். இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் அதே தாளத்துக்கு 'டிக் டிக்' என்று தலையாட்டும். ஒரு எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு. புதுசு பன்னிரண்டாயிரம், லேபர் தனி" என்றார். நண்பருக்கு அந்த மாதம்தான் பையனின் ஸ்கூல் ஃபீஸ். பன்னிரண்டாயிரத்தை எந்த ஹெட்டில் டெபிட் செய்வது என்று தெரியாமல் என்னிடம் வந்தார்.

விளக்குப் போட்டால் முள் ஆடுகிறது என்றாலே நான் முதலில் தேடுவது எர்த்தைத்தான். மீட்டர் போர்டுக்குள் போன கரண்ட் எல்லாம் வேலையை முடித்துக்கொண்டு, ஒரு கறுப்பு (சில வண்டிகளில் பழுப்பு) ஒயர் வழியாக பாடிக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒயரின் போல்ட் துருப்பிடித்தால் வாசல் குறுகிவிடுகிறது. ஹெட்லைட்டோடு மீட்டர் விளக்குகளும் எரிந்து அவற்றின் கரண்டும் அந்த வாசலுக்கு வந்தால் நெரிசல். எர்த் பூஜ்யத்தில் நிற்காமல் சற்று மேலே எழும்ப, முள்ளும் கூடவே எழும்பும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டி.ஸி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாட்டரி நெகடிவில், சிவப்பு முனையை மீட்டர் போர்டின் எர்த் பின்னில். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் போடுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகம். நண்பர் காரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது! டிரைவர் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கவாட்டில், ப்ளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அந்த போல்ட் இருந்தது. அடியில் யாரோ புண்ணியவான் பெயின்ட் அடித்திருந்தார். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆனதும் முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலைன். உப்புத்தாள் செலவை நான் அவரிடம் வாங்கவில்லை. பிள்ளை குட்டிக்காரர்.

டேங்க்கில் உள்ள ஃப்ளோட் தனிக் கதை. டாய்லெட் சிஸ்டர்னில் இருக்கிற மாதிரி ஒரு மிதவை, அதன் கை உரசுகிற ஒரு ரெஸிஸ்டன்ஸ் தடம். அவ்வளவுதான். நாம் எப்போதும் முன்னூறு ரூபாய்க்கே பெட்ரோல் போடுகிற பரம்பரை என்பதால், தடத்தின் கீழ்ப்பக்கம்தான் முதலில் தேயும். அந்த இடம் வரும்போது மட்டும் முள் பொத்தென்று விழுந்து, பிறகு எழும். இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி (பல கார்களில் பின் ஸீட்டுக்கு அடியில்), ஓம் அளந்தால் தெரிந்துவிடும். மிதவை நகர நகர எண் சீராக மாற வேண்டும், குதிக்கக் கூடாது. எத்தனை ஓம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலி என்றால் 0, ஃபுல் என்றால் 90. பழைய பிரிட்டிஷ் கார்களில் தலைகீழ், காலிக்குத்தான் அதிக ஓம். ஆகவே அந்த வண்டியின் ஸர்வீஸ் மான்யுவலைப் பார்க்காமல் சென்சாரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். இந்த வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்தில் தீப்பொறி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சில பேர் ஒயரை பாடியில் உரசி 'முள் ஏறுதா பார்' என்று டெஸ்ட் செய்வார்கள். டேங்க் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஸ்பீடாமீட்டருக்கு வருவோம். கேபிளில் ஓடுகிற பழைய டைப்புக்கு 1902-ல் பேடன்ட் வாங்கியவர் ஓட்டோ ஷுல்ட்ஸே என்கிற ஜெர்மன்காரர். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றினால் கிண்ணத்தில் மின்சாரச் சுழல் உண்டாகி அதுவும் கூடவே திரும்பப் பார்க்கும். ஒரு ஹேர் ஸ்பிரிங் பிடித்து இழுக்கும். இரண்டுக்கும் ராஜியாகிற இடத்தில் முள் நிற்கும். அழகான யோசனை. ஒன்றை ஒன்று தொடாததால் தேய்மானமும் இல்லை. முள் குறைந்த ஸ்பீடில் கும்மியடித்தால் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. முள்ளும் கிலோமீட்டரும் சேர்ந்து நின்றால் கேபிள் அறுந்திருக்கும், இல்லை கியர்பாக்ஸில் உள்ள பல்சக்கரம் போயிருக்கும். முள் ஓடி, கிலோமீட்டர் மட்டும் நின்றால், உள்ளே பட்டாணி சைஸில் இருக்கிற ப்ளாஸ்டிக் பல்சக்கரம் பொடியாகியிருக்கும். 1974 முதல் 1993 வரை வந்த வால்வோ 240 இதற்கு உலகப் புகழ் பெற்றது. இன்ஜின் லட்சக்கணக்கில் ஓடும். எண்ணுகிற சக்கரம் பாதியில் கை கழுவிவிடும். வண்டி எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. ஜி.பி.எஸ். 94 காட்டும்போது முள் 100 காட்டுகிறது என்று கோபப்படாதீர்கள். அது ரிப்பேர் இல்லை. ஐ.நா. விதி 39-ன்படி ஸ்பீடாமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்ட, நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் சலுகை.

இப்போதைய கார்களில் கேபிள் கிடையாது. முள்ளுக்குப் பின்னால் குட்டி ஸ்டெப்பர் மோட்டார். எக்ஸ் 27.168 என்று ஒன்று ரொம்பப் பிரபலம். நாலே நாலு பின், 315 டிகிரி சுற்றும், ஒரு எட்டுக்கு மூன்றில் ஒரு டிகிரி நகரும். ஜெனரல் மோட்டார்ஸின் 2003 முதல் 2006 வரையிலான பிக்கப், எஸ்.யு.வி.க்களில் இந்த ஸ்டெப்பர் மோட்டார்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வண்டி வீட்டு வாசலில் நிற்கும், முள் அறுபது மைல் வேகத்தில் போகும். அங்கே பலர் முழு போர்டை மாற்றாமல் பழைய மோட்டார்களை எடுத்துவிட்டு இந்த எக்ஸ் 27.168-ஐத் தாங்களே சால்டர் செய்து மாட்டினார்கள். நம்மூரிலும் டி.வி. ரிப்பேர் தெரிந்தவர் யாராவது கிடைத்தால் செய்துவிடுவார்.

செய்ய வைக்கும்போது பக்கத்தில் நின்று இதையெல்லாம் கவனியுங்கள். முதலில் பாட்டரி நெகடிவைக் கழற்ற வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அதன் பிறகு சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஸ்க்ரூக்களை முட்டை அட்டையில் வரிசையாகப் போட்டு வைப்பது உத்தமம். ஒரு ஸ்க்ரூ டாஷ்போர்டுக்குள் விழுந்தால் அந்தக் கார் உள்ளவரை 'கடகட' என்று உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கும். முள்ளைப் பிடுங்குவதற்கு முன் அது நிற்கிற இடத்தை ஒரு போட்டோ. பிடுங்க இரண்டு டீஸ்பூன்; அடியில் இரண்டு பக்கமும் கொடுத்து மெதுவாக நெம்பினால் வரும். திருப்பி மாட்டும்போது, சாவி போட்டு மோட்டார் தன் பூஜ்யத்துக்கு வந்து நின்ற பிறகு மெல்ல அழுத்த வேண்டும். கண்ணாடி மாதிரி இருப்பது கண்ணாடியல்ல, ப்ளாஸ்டிக். தின்னர் போட்டுத் துடைத்தால் ஜென்மத்துக்கும் மூடுபனி.

தட்டினால் வேலை செய்கிற போர்டு, மத்தியானம் வெயிலில் செத்து சாயங்காலம் உயிர்க்கிற போர்டு - இரண்டுக்கும் காரணம் அநேகமாக ட்ரை சால்டர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம் தெரியும், ஈயம் மங்கியிருக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஃப்ளக்ஸ், இரண்டு மூன்று விநாடி. அதற்கு மேல் வைத்தால் போர்டின் செப்புத் தடம் எழுந்து வந்துவிடும்.

ஆனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் பி.காம். படித்தவர்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. பாங்க் ரீகன்சிலியேஷன்! காஷ் புக் ஒன்று சொல்லும், பாஸ் புக் ஒன்று சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. புதிய கார்களில் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கிறது. அதில் ஒரு ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் கம்ப்யூட்டர் என்ன டெம்பரேச்சர் சொல்கிறது, என்ன ஸ்பீடு சொல்கிறது என்று செல்ஃபோனிலேயே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் 90 டிகிரி, முள் தரையில் என்றால் கோளாறு போர்டில் அல்லது வழியில். இரண்டும் ஒரே தப்பைச் சொன்னால் கோளாறு சென்சாரில். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து ஸ்பீடாமீட்டரும் படுத்தால், சக்கரத்தில் உள்ள சென்சாரைப் பாருங்கள். பல கார்கள் ஸ்பீடை அங்கிருந்துதான் கடன் வாங்குகின்றன.

இந்தச் செய்திகள் எல்லாம் போகிற சாலைக்கு 'கேன் பஸ்' என்று பெயர். 1986-ல் பாஷ் கம்பெனி அறிமுகப்படுத்தியது. முறுக்கிய இரண்டு ஒயர், இரண்டு கோடியிலும் 120 ஓம். பாட்டரியைக் கழற்றிவிட்டு ஓ.பி.டி. சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தால் பல கார்களில் 60 ஓம் வரும். 120 வந்தால் எங்கோ ஒரு கோடி அறுந்திருக்கிறது. எலிக்கு நன்றி சொல்லலாம்.

'பேசாமல் புதுப்பேட்டையில் பழைய போர்டு வாங்கி மாட்டிவிட்டால்?' என்று கேட்பீர்கள். பழைய கார் என்றால் தாராளமாக. புதிய கார் என்றால் ஜாக்கிரதை. சில ஃபோக்ஸ்வாகன் குரூப் கார்களில் திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைஸர் மீட்டர் போர்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. வேறு போர்டு மாட்டினால் கார் உங்களையே திருடன் என்று நினைத்து ஸ்டார்ட் ஆகாது. கிலோமீட்டர் கணக்கும் எட்டுக் கால் பூச்சி மாதிரி ஒரு சின்ன மெமரி சிப்பில் இருக்கும். போர்டோடு சேர்ந்து இன்னொருத்தர் கணக்கும் உங்கள் காருக்கு வரும். அமெரிக்காவில் 1972-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். மீட்டரைக் குறைப்பது குற்றம். ரிப்பேருக்குப் பிறகு பழைய எண்ணை வைக்க முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, டிரைவர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் பழைய எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்ட வேண்டும். நீங்கள் போர்டு மாற்றினால் பழைய எண்ணை ஒரு போட்டோ எடுத்து பில்லோடு பின் செய்து வையுங்கள். விற்கும்போது உதவும்.

வாங்கும்போது? ஓட்டிப் பார்ப்பதற்கு முன் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டர் போர்டைப் பாருங்கள். ஆயில், பாட்டரி, ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்தால் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். பாட்டரி விளக்கு எரியவே இல்லை என்றால் சும்மா விடாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்ப் வழியாகப் போகிற கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். பல்ப் போனால் சார்ஜ் ஏறாமல் நடுரோட்டில் நிற்க நேரும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் விற்கிறவர் அதன் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். அது ஆயில் விளக்கோடு ஒரே விநாடியில், ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி அணைந்தால், இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கியிருக்கலாம். ஏர்பேக் விளக்கு தன்னைத் தானே சோதித்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குச் சில விநாடி கழித்துத்தான் அணையும்.

விற்கிறவரிடம், "ஸார், இன்னொரு தடவை சாவி போடுங்களேன்" என்று கேட்டுவிட்டு, முள்ளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.